நெவிலின் முதுகுக்குப் பின்னால்

எங்கள் ஹார்ல்டன் டவுன் கால்பந்து அணி எந்தப் பக்கம் கோல் போட ஓடுகிறதோ, அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் நாங்கள் நிற்போம். இடைவேளையில் டீக் கோப்பையோடு மொத்தக் கூட்டமும், அதாவது இருநூறு பேரும், எதிர்ப் பக்கத்துக்கு நடப்போம். வந்த ஊர் கோல்கீப்பரை வறுத்தெடுப்பது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. எத்தனையோ பேருடைய வழுக்கை எனக்கு அத்துப்படி.

எங்கள் கோல்கீப்பர் நெவில் ஆர்மராட் மட்டும் பதினெட்டு வருஷமாகத் தூரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வாரநாட்களில் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவன். ஏப்ரல் கடைசி ஆட்டத்தோடு விலகுகிறான் என்றதும் பப்பில் கேட்டேன்.

"என்னடா வேணும் உனக்கு? கடிகாரமா, கேடயமா?"

"ரெண்டும் வேணாம் கிளிஃப். ஒரு பாதி ஆட்டம் என் பின்னாடி நில்லுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாய்கூட நின்னதில்ல."

"நின்னுச்சே. பந்தைக்கூடக் கடிச்சுதே!"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போது சுருக்கென்று தைத்தது.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. வழக்கம்போல எல்லோரும் கிளம்ப, நான் கையை விரித்து மறித்தேன்.

"எவனும் நகரக் கூடாது! நெவில் இந்தப் பக்கம் வர்றான்!"

முணுமுணுத்தார்கள். ஆனாலும் நின்றார்கள். நெவில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். எனக்குத்தான் திண்டாட்டம். கோல்கீப்பரைப் பாராட்டிப் பழக்கமே இல்லை. முதல் பந்தை அவன் நழுவவிட்டு மறுபடி அமுக்கியதும் வாய் தானாகத் திறந்தது.

"யோவ் தபால்காரா! கடுதாசியையும் இப்படித்தான் கீழ போடுறியா?"

நெவில் தோள் குலுங்கச் சிரித்தான். அதன் பிறகு எதையும் நழுவவிடவில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிடம் எதிரணிக்குப் பெனால்டி. ரோஸ் நிற ஷூ போட்ட ஒரு தடியன் பந்தை வைத்தான்.

நெவில் திரும்பாமலே கேட்டான். "என்ன கிளிஃப், சத்தத்தையே காணோம்?"

"பயமா இருக்குடா."

"எனக்கும்தான். அவனை ஏதாச்சும் சொல்லுய்யா. எதுக்கு நிக்கிற?"

இத்தனை காலம் எதிராளிகளின் பின்மண்டையைப் பார்த்தே கத்தியவன் நான். இப்போது ஒருவன் நேருக்கு நேர் நிற்கிறான்!

"தம்பி! இடது ஷூ நாடா அவுந்து கிடக்கு பாரு!"

அவன் குனிந்து பார்த்தான். நாடா சரியாகத்தான் இருந்தது. இருநூறு பேரும் கொல்லென்று சிரிக்க, அவன் முகம் ஷூவைவிடச் சிவந்தது. ஓடிவந்து உதைத்தான். பந்து நெவிலின் முழங்காலில் பட்டு டீக்கடைக் கூரைக்குப் பறந்தது. சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்த விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று, தப்பித்தோம். ஐம்பத்தெட்டு வயதுக் குழாய் ரிப்பேர்காரன் நான், வெட்கமில்லாமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்டில் புது கோல்கீப்பர் வந்தான். இடைவேளையில் கூட்டம் எதிர்ப் பக்கம் போய்விட்டது. நான் மட்டும் நகரவில்லை. பக்கத்தில் சிப்ஸ் பொட்டலத்தோடு நெவில். புதியவன் முதல் பந்தையே நழுவவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நெவில் முந்திக்கொண்டான்.

"பயப்படாதடா, பின்னாடி நாங்க இருக்கோம்! அடுத்ததையும் விட்டேன்னா இந்தக் கிளிஃப்பை அவுத்து விட்டுருவேன்!"