உட்கார்ந்தே ஏறிய மலை

தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. பெய்ந்தா இறங்கினாள். காலணியைக் கழற்றியாயிற்று, கைப்பையை வைத்தாயிற்று, இனி கழற்ற என்ன இருக்கிறது என்று தேடி, கழுத்துச் சங்கிலியையும் கழற்றி நர்ஸ் ரன்வாவின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். தராசுக்கு ஈவு இரக்கம் இல்லை. அதே தொண்ணூற்றொன்று.

"ரிப்பேரா இருக்கும்," என்றாள் பெய்ந்தா.

ரன்வா தானே ஏறிக் காட்டினாள். அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே அறையில், இதே தராசில் அவள் எண்பத்தொன்பது. எண்பத்தொன்றுக்கு இறங்கி வந்தால், தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பி ஹெக்னிக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரத்தம் பொருந்தியது, இதயம் நன்றாக இருந்தது, ஐம்பத்தொரு வயதுக்குச் சர்க்கரை கூட இல்லை. எடை ஒன்றுதான் இடித்தது. இன்றைக்கு எடை சரியாக இருந்தால் கோபன்ஹேகன் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள், அங்கே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள், அக்காவும் தம்பியும் ஒரே விமானத்தில் போவார்கள். அதற்காகத்தான் மூன்று மாதமும் அவள் மலை ஏறினாள். ஏறி ஏறி, எட்டு கிலோ இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

"நான் மலை ஏறினேன் ரன்வா. நம்ம ஊர்ல யாரை வேணா கேளு. ஏறி எரிச்சதுக்கு மேல ஒரு வாய் கூடச் சாப்பிட்டதில்ல."

ரன்வாவும் பெய்ந்தாவின் தீவில்தான் பிறந்தவள், அவளை நன்றாகத் தெரியும். பொய் சொல்கிற பொம்பளை இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. இந்த எடையை அனுப்பினால் நாள் தரமாட்டார்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அதுவரைக்கும் தம்பிக்குத் தாங்குமா என்று பெய்ந்தா கேட்டாள். ரன்வா சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எரிச்சதுக்கு மேல ஒரு வாய் கூடச் சாப்பிட்டதில்ல" என்று பெய்ந்தா சொன்னது சத்தியமான வார்த்தை. அதற்குச் சாட்சி, தராசில் ஏறியபோதும் கழற்ற மனம் வராமல், அவள் மணிக்கட்டில் இருந்தது. கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருக்கும் புருஷன், போன தடவை ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. எவ்வளவு நடந்தாய், எவ்வளவு கலோரி எரித்தாய், அதற்கு ஈடாக இன்றைக்கு இன்னும் எவ்வளவு சாப்பிடலாம், எல்லாவற்றையும் சொல்லும். நாள் முடிவில் இலக்கைத் தொட்டால் மணிக்கட்டில் குறுகுறுவென்று துடித்து, சபாஷ் போடும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் புருஷன் போடாத சபாஷையெல்லாம் இந்தக் கடிகாரம் போட்டது.

எரித்ததைத் திருப்பிச் சாப்பிடலாமா, கூடாதா என்பது செவ்வாய்க்கிழமைப் பின்னல் கூட்டத்தில் பெரிய வழக்காக நடந்தது. ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர், வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி, கம்பளி பின்னுவார்கள். பின்னுவது என்று பேர்தான். எந்த வீட்டு மேஜையில் எத்தனை கேக் என்பதில்தான் போட்டியே. போன வாரம் ஒருத்தி நாலு வகை வைத்தால் இந்த வாரம் இன்னொருத்தி ஐந்து வைக்காமல் தூங்கமாட்டாள். சாப்பிடாமல் எழுந்தால், வீட்டுக்காரியைச் செருப்பால் அடித்த மாதிரி.

பள்ளிக்கூடத்தில் மனையியல் சொல்லிக்கொடுத்த பழைய டீச்சர் சுன்வர், எரித்ததில் ஒரு பருக்கையைக் கூடத் திருப்பித் தின்னக் கூடாது, தின்றால் ஏறியது வீண் என்றாள். பக்கத்து வீட்டு மர்யூன் விடவில்லை. உடம்பைப் பட்டினி போட்டால் அது பயந்துபோய் இருக்கிற கொழுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

"சம்பாதிச்சதைத் தின்னாம, புதைச்சா வைக்கப் போற?" என்று மர்யூன் புளிப்பான ருபார்ப் தண்டில் செய்த ஜாம் வைத்த கேக்கை வெட்டிப் பெய்ந்தாவின் தட்டில் போட்டாள். "ஆட்டுக்குக் கூட மலை ஏறினா புல்லு உண்டுடி."

மற்றவர்கள் சிரித்தார்கள். பாதியைத் தின்று பாதியை விடலாம் என்று யாரோ சமரசம் பேசினார்கள். பெய்ந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். அது தாராளமாக அனுமதி கொடுத்தது. ஆசை யாரை விட்டது? சாப்பிட்டாள். கடிகாரம் காட்டியதற்கு ஒரு துண்டு கூட மீறாமல், கண்ணியமாக, கணக்காகச் சாப்பிட்டாள்.

வீட்டில் இருந்த தராசை முதல் வாரமே எடுத்துக்கொண்டுபோய் இறைச்சி காய வைக்கும் கொட்டகையில் போட்டுவிட்டாள். தினமும் அதில் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாதே என்று மர்யூன்தான் சொன்னாள். உடுப்பு இறுகியிருந்தால் அப்போதாவது தெரிந்திருக்கும். அதற்கும் வழியில்லை. அவள் போட்டதெல்லாம் அவளே பின்னியது. கம்பளிக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் கிடையாது, உடம்பு எவ்வளவு கேட்டாலும் இழுத்துக் கொடுக்கும். பார்த்தவர்கள் எல்லாம் "இளைச்சுட்டியே" என்று வேறு சொன்னார்கள். இவ்வளவு பாடுபடுகிறவளிடம் வேறு என்னதான் சொல்வார்கள்?

ரன்வாவின் அறையிலிருந்து வெளியே வந்தபோது ஹெக்னி தாழ்வாரத்து நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு வருஷமாக அவனுக்கு எப்போதும் குளிர்தான். நாற்பத்துநாலு வயது, வலை இழுத்த தோள், இப்போது சட்டைக்குள் கம்பு நட்ட மாதிரி இருந்தது. வாரத்தில் மூன்று நாள் இதே ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இன்றைக்கு அந்த வேலை இல்லாத நாள் என்பதால் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டான். அவளே சொன்னாள். இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை என்றாள்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பையிலிருந்து பின்னலை எடுத்தாள். விமானத்தில் போட்டுக்கொண்டு போவதற்காக அவனுக்குப் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். உடம்பும் ஒரு கையும் முடிந்து, மற்றக் கையில் மணிக்கட்டுப் பகுதி மட்டும் பாக்கி. பெய்ந்தாவின் பின்னல் ஊருக்கே தெரிந்தது. மற்றவர்களுக்கு விரல் நுனி மட்டும்தான் அசையும். அவளோ ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கையையே வீசி நூலைப் போடுவாள். அந்த வேகத்துக்குப் பயந்து பக்கத்தில் உட்காருபவர்கள் ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பின்னியதால் இன்றைக்குக் கை இன்னும் வேகமாகப் போனது.

நாலைந்து வரிசை ஓடியிருக்கும். மணிக்கட்டு குறுகுறுவென்று துடித்தது.

இரண்டு பேரும் பார்த்தார்கள். கடிகாரத்தின் முகத்தில் வண்ணப் பொட்டுகள் வெடித்து மறைந்தன. சபாஷ், இன்றைய ஏற்றத்தை முடித்துவிட்டீர்கள், என்றது.

"நீ உக்காந்துதானே இருக்க?" என்றான் ஹெக்னி.

பெய்ந்தா யோசித்துப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் காரில் ஏறினாள், வழியெல்லாம் பின்னினாள், காரிலிருந்து இறங்கி லிஃப்டில் ஏறினாள். இன்றைக்கு அவள் ஒரு மேட்டில் கூடக் கால் வைக்கவில்லை. கையை மட்டும் தூக்கி, ஊசி இல்லாமல், காற்றில் பின்னுவதைப் போல வீசிப் பார்த்தாள். கடிகாரத்தில் எண் ஓடியது. நிறுத்தினாள், நின்றது. மறுபடி வீசினாள், மறுபடி ஓடியது.

மூடுபனி இறங்கி மலைப்பக்கமே போகாத நாட்களிலும் இலக்கைத் தொட்டிருக்கிறாள். வீட்டு வேலையே போதும் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். பின்னல் கூட்டத்தில் துடிக்கும்போதெல்லாம், காலையில் ஏறிய மலைக்கு இப்போதுதான் பலன் வந்து சேருகிறது என்று நினைத்துக்கொண்டாள், தபால் படகு தாமதமாக வருவதைப் போல. உட்கார்ந்த இடத்தில் பின்னிப் பின்னி ஏறாத மலையெல்லாம் ஏறியிருக்கிறாள். அந்த மலைகளுக்கெல்லாம் கேக்கும் சாப்பிட்டிருக்கிறாள். பின்னியது யாருக்கு? இதோ, பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு. அவனை விமானத்தில் ஏற்றத்தான் பின்னினாள், அந்தப் பின்னலே அவனை இறக்கிவிட்டது.

அவள் ஊசியை உருவி, நூலைப் பிடித்துப் பிரிக்கப் போனாள். ஹெக்னி கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிரிச்சா கிலோ குறையுமா? விடுக்கா. கடிகாரத்தைக் கழட்டிட்டு முடி. எனக்குக் கை குளுருது."

கழற்றினாள். வெறும் மணிக்கட்டோடு, தப்பிப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிப் பின்னினாள். மிச்சத்தைக் காரில் உட்கார்ந்து முடித்தாள். அவன் வண்டியை ஓரம் கட்டி, அங்கேயே போட்டுக்கொண்டான். ஸ்வெட்டர் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவள் மனசில் இருந்தது பழைய ஹெக்னியின் தோள் அளவு.

வண்டி மறுபடி கிளம்பியதும் அவள் பேசத் தொடங்கினாள். இனி திருப்பிச் சாப்பிடவே மாட்டேன், சுன்வர் சொன்னதுதான் சரி, மர்யூன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றெல்லாம் சொன்னாள். பிறகு, ஏறிய நாளில் பாதியாவது தின்னாவிட்டால் கால் நடுங்குமே, பாதி சாப்பிடலாமா என்று அவனையே கேட்டாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சிரித்தான்.

"என்னைப் போய்க் கேக்குற பாரு. எனக்கு டாக்டர் குடிக்க விட்டது ஒரு நாளைக்கு நாலு கப்பு. தண்ணி, காப்பி, சூப்பு எல்லாம் சேத்து. மலை ஏறினாலும் நாலு, படுத்துக் கிடந்தாலும் நாலு. நான் எதைச் செஞ்சும் அஞ்சாவது கப்பைச் சம்பாதிக்க முடியாது."

குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னான். தராசு கொடுத்த அடி ஒன்றுமே இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. இரண்டு வருஷமாக இவன் அவள் வீட்டு மேஜையில்தான் சாப்பிடுகிறான். செவ்வாய்க்கிழமைகளில் இவன்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருகிறான். கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தேன் தெரியுமா என்று இதே காரில், இதே இருக்கையில் உட்கார்ந்து இவனிடம் பெருமை பேசியிருக்கிறாள். அப்போதெல்லாம் இவனுக்குத் தாகமாக இருந்திருக்கும். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுரங்கப் பாதைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம்தான் ஊர். சுரங்கம் வருவதற்கு முன்பு ஊர்க்காரர்கள் நடந்த ஒற்றையடிப் பாதை மேலே போகிறது. நான் நடந்து வருகிறேன், நீ அந்தப் பக்கம் நில் என்றாள். கடிகாரத்தைச் சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கினாள்.

வழி காட்டும் கல் குவியல்களைப் பார்த்துப் பார்த்து ஏறினாள். ஈரப் புல் வழுக்கியது. ஆடுகள் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தன. பாதி ஏற்றத்திலேயே மூச்சு முட்டியது, தொடை எரிந்தது. இதுதான் மலை என்றால், மூன்று மாதமாக நான் எத்தனை தடவைதான் நிஜமாக ஏறியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது பசித்தது. அவளுக்கே ஆச்சரியம். மூன்று மாதத்தில் ஒரு நாளும் வயிறு இப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டாள். அதைவிடத் தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சுரங்கத்தின் மறுவாயில், பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் ஹெக்னி காரில் சாய்ந்து நின்றிருந்தான். ஸ்வெட்டரின் கைகளை விரல் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். இந்தக் காரில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும், அவளுக்காக வைத்திருப்பான். இத்தனை நாளும் அவள் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

அண்ணாந்து குடித்தாள். இரண்டாவது மடக்கில் கண் தற்செயலாக அவன் பக்கம் போனது. அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் அவன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

அவள் பாட்டிலை இறக்கினாள். வாயிலிருந்த தண்ணீர் உள்ளே போகவில்லை.

"குடிக்கா," என்றான் ஹெக்னி. "பாக்குறதுக்குக் கணக்கு கிடையாது."