நான்காவது கோடு

மூன்றாவது கோடு விழுந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எந்தப் புண்ணியவான் போனை உள்ள கொண்டுவந்தது?" என்று டெக்னீஷியனைப் பார்த்துக் கத்தினேன்.

ரேடியோ தொலைநோக்கிப் பக்கம் போன் ஆகாது. வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். சட்டம் போட்டவளே நான்தான். தொலைநோக்கியின் டிஷ் சூரியனை இடமிருந்து வலமாக வரிவரியாகப் படம் பிடித்துக்கொண்டு போகும். போன் அடிக்கிற நேரமெல்லாம் அந்த வரியில் வெள்ளைக் கோடு விழும். அன்று பார்த்து, சூரியனில் சூடு குறைந்த ஒரு பகுதி கருப்பாக நட்டநடுவே வந்திருந்தது. சூரியன் சுழன்று அது மறுபடி எங்கள் பக்கம் வர இருபத்தேழு நாள் காத்திருந்தேன்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் சொன்னதற்கு, "பாத்தியா, சூரியனுக்கே சூடு குறையுது, எனக்குக் காய்ச்சல் குறைய மாட்டேங்குதே" என்று சிரித்தான். அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்கென்று இருந்தவன் அவன் ஒருத்தன்தான். ஏதாவதென்றால் கூப்பிட ஆபீஸ் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தேன். அவன் என்றைக்குச் சீட்டைத் தேடினான்? பழக்கத்தில் என் பேரைத்தான் அமுக்குவான்.

நான்காவது கோடும் விழுந்தது. டெக்னீஷியன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். "மேடம், சத்தியமா என்கிட்ட இல்ல." நான் நம்பவில்லை. நாலு கோட்டையும் ஒவ்வொன்றாக அழித்தேன். படம் சுத்தமாக வந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

மத்தியானம் சாப்பிடப் பையைத் திறந்தால், டப்பாவுக்கு அடியில் என் போன். காலையில் வார்டில் சத்தத்தை நிறுத்தியது. ஓடிவந்த அவசரத்தில் பெட்டியில் போட மறந்திருக்கிறேன். அண்ணன் நான்கு தடவை கூப்பிட்டிருந்தான். அதற்கு மேலே நர்ஸ் அனுப்பிய ஒரே வரி. படித்ததும் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணனின் காரியமெல்லாம் முடிந்து, இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். டெக்னீஷியன் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், நீங்க கோட்டை எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த படம் அப்படியே இருக்கு. அழிச்சிடவா?"

"ஐயோ, வேண்டாம். காட்டுங்க."

நாலும் இருந்தன. முதல் மூன்றும் நீளம். நான் எடுப்பேன் எடுப்பேன் என்று கடைசி மணிவரை விட்டிருக்கிறான். நான்காவது கருப்புப் பகுதியைத் தொடுவதற்குள் நின்றுபோயிருந்தது.