ரெண்டு தட்டு

என் வீட்டுக்காரருக்குக் காதில் கோளாறு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் இழுத்து இழுத்து ஓடினால், படுத்த இடத்திலிருந்தே “கம்ப்ரசர் போச்சு” என்பார். நான் சொல்வதுதான் கேட்காது. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், நான் தையல்காரி. இருபத்தோரு வருஷமாகச் செவிடன் காதில் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய டெலிவரி வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் ஊராகச் சுற்றுவதென்று முடிவு செய்தோம். வெயிலும் குளிரும் உள்ளே வராமலிருக்க, தகரச் சுவர் முழுக்க உள்பக்கமாகக் கறுப்பு ரப்பர் நுரையை ஒட்டினோம். மூன்று வாரம், லீவு நாளெல்லாம் அதற்கே போனது. துணி வெட்டும் கத்தரிக்கோலால் நுரையை வெட்டாதீர்கள் என்றேன். வெட்டினார். பக்கக் கதவில் கழற்றிய உள்கைப்பிடியை மாட்டிவிட்டு ஒட்டுங்கள் என்றேன். “கைப்பிடி எங்க ஓடிடப் போகுது? கடைசியில மாட்டிக்கலாம்” என்று அந்த இடத்தையும் மூடி ஒட்டினார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அந்தக் கதவுதான் கடைசி. ஒட்டி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

“இப்ப சத்தமும் வெளிய போகாது. நீ உள்ள இருந்து கத்து. நான் வெளிய நின்னு பாக்கிறேன். ஒண்ணும் கேக்கலன்னா நம்ம வேலை பாஸ்.”

“என்னன்னு கத்துறது?”

“என்னைத் திட்டு. உனக்குத் தானா வரும்.”

“எப்ப திறப்பீங்க?”

“ரெண்டு தட்டு தட்டு. திறக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே ஏறினேன். கதவை இழுத்து மூடினார்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் அடுத்த வாரம்தான் வெட்டுவதாக இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பு, பின்கதவை அடைத்துக்கொண்டு பலகை அடுக்கு. நான் நன்றாகவே திட்டினேன். கத்தரிக்கோலில் ஆரம்பித்து, ஒரு கல்யாண வீட்டில் என்னை மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதுவரை வந்தேன். அங்கே இருமல் பிடித்தது.

காலடியில் பசை டப்பா திறந்தே இருந்தது. கண் எரிந்தது. எனக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலரும் போனும் கைப்பையில், கைப்பை வெளியே நாற்காலியில். போதும் விளையாட்டு என்று கதவில் ரெண்டு தட்டு தட்டினேன். தலையணையைத் தட்டியது போல இருந்தது. ஓங்கிக் குத்தினேன். அதுவும் அப்படியேதான்.

அப்போதுதான் உறைத்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பது சோதனை. சத்தம் கேட்டால்தான் கதவு திறக்கும் என்பது ஏற்பாடு. இதைச் சொன்னவர் ஒரு புத்திசாலி. தலையாட்டிக்கொண்டு ஏறிய நான் அவரைவிடப் பெரிய புத்திசாலி.

அவராகவே சந்தேகப்பட்டுத் திறக்க மாட்டாரா? மாட்டார். நான் ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நிம்மதியாக நிற்பார். அதை நினைத்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு கம்பி தொங்கியதைப் பார்த்த ஞாபகம். நுரையை நகத்தால் பிறாண்டினேன். ஈரப் பசையில் விரல் வழுக்கியது. முட்டி போட்டுத் தரையைத் துழாவினேன். முதலில் டப்பா கவிழ்ந்து நெடி இன்னும் ஏறியது. அப்புறம் சில்லென்று இரும்பு தட்டுப்பட்டது. தொடாதீர்கள் தொடாதீர்கள் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்ட அதே கத்தரிக்கோல்.

முனை மழுங்கிப்போயிருந்தது. இடுப்பு உயரத்தில் குத்தினேன், கிழித்தேன், பிய்த்தேன். மூன்று வாரமாக அளந்து அளந்து வெட்டிய நுரை கொத்துக் கொத்தாக வந்தது. உள்ளே இன்னொரு அடுக்கு. அதையும் கிழித்தபோது விரலும் சேர்ந்து கிழிந்தது. கம்பி அகப்பட்டது. வண்டியின் முன்பக்கமாக இழுத்தேன், அசையவில்லை. தலை சுற்றியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ந்தேன்.

‘டக்.’ தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினேன்.

வெளிச்சத்தில் அவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார். “சூப்பர்! பொட்டுச் சத்தம்கூட...”

என் முகத்தைப் பார்த்ததும் விரல் இறங்கியது. என் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. அவரே ஓடிப்போய்க் கைப்பையைத் தரையில் கொட்டி, இன்ஹேலரை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினார்.

“தட்டினியா?” என்றார், எனக்கு மூச்சு திரும்பியதும்.

“செத்திருப்பேங்க,” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கத்தரிக்கோலாலேயே ஏதாவது செய்திருப்பேன்.

அவர் கிழிந்த கதவைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். பிறகு வேனில் ஏறினார்.

“நெடி இருக்கு, போகாதீங்க!”

கேட்கவில்லை. வெளியே கை நீட்டிக் கதவை இழுத்து மூடிக்கொண்டார்.

நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. காதைத் தகரத்தில் ஒட்டிவைத்தேன். அப்போதும் இல்லை. நான் உயிரைக் கொடுத்துக் குத்தியபோது இங்கே இப்படித்தான் இருந்திருக்கும். என் ஆத்திரம் வடிந்து அந்த இடத்தில் திகில் வந்தது. கம்பியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டுமென்று அந்த மனுஷனுக்குத் தெரியாதே! பாய்ந்து போய்க் கதவைத் திறந்தேன்.

பலகைமேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அது பசை நெடியால் மட்டும் இல்லை.

“கேட்டுச்சா?”

“என்னது?”

“நான் சொன்னது.”

“ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னீங்க?”

“உள்ள சொல்லிட்டேனே.”

“வெளிய வந்து சொல்லுங்க.”

இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுமே என்றுகூட இவர் பார்க்கவில்லை.

“நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்,” என்றார்.

எனக்கு நன்றாகவே கேட்டது.

“கேக்கல,” என்றேன்.

இன்னொரு தடவை சொன்னார்.