கண்ணில் ஒற்றிய காசு

கவுன்சிலர் சுயம்புலிங்கம் லஞ்சப் பணத்தைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம், மகானுபாவர்! மந்தைவெளி ஆபீசில் உதவியாளர் அசோகன்தான் வாங்குவான். அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலம்மா வயிற்றெரிச்சலோடுதான் உள்ளே நுழைந்தாள். அடையாற்றங்கரையில் அவள் குடிசையை இடித்து ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. மாற்று வீடு அவள் பெயருக்கு வந்தாச்சு. துட்டு கொடுத்தால்தான் சாவி என்று உட்கார்ந்திருந்தார் இந்த மனுஷன். போன தேர்தலில் இதே ஆளுக்கு ஆரத்தி எடுத்தவள் அவள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கொண்டுவந்த நோட்டுகளில் லஞ்ச ஒழிப்புப் போலீசார் பொடி தடவியிருந்தார்கள். தொட்டவன் கையை அவர்கள் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும்.

அசோகன் கட்டை வாங்கினான். வெள்ளிக்கிழமை, முதல் வரவு. அவன் அதை ஏந்திப் பிடிக்க, சுயம்புலிங்கம் குனிந்து இரண்டு கண்ணையும் அதில் ஒற்றிக்கொண்டார். "மகாலட்சுமித் தாயே!"

வேலம்மா வாசலுக்கு வந்து முந்தானையை உதறினாள். அதுதான் அடையாளம். இன்ஸ்பெக்டர் கலீமுல்லா ஆட்களோடு புகுந்தார்.

அசோகன் கை பட்ட தண்ணீர் ரோஸானது. சுயம்புலிங்கம் கை முக்கிய தண்ணீர் அப்படியே நின்றது. உடனே எழுந்து அசோகனை விட்டார் ஒரு அறை. "என் பேரச் சொல்லி லஞ்சமாடா வாங்குற, துரோகி!"

கலீமுல்லாவின் முகம் தொங்கிப்போனது. இந்த ஆள் தப்பினால் வீடு ஜென்மத்துக்கும் கிடையாது என்று வேலம்மாவுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து சுயம்புலிங்கம் அவளைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், அவளுக்கு வந்ததே கோபம்!

"அடப்பாவி! சார், கைய இன்னாத்துக்குக் கழுவிக்கினு கீற? அந்தாளு கண்ணத் தொடச்சுப் பாரு! சாமி கும்புட்டுக்கினே என் துட்ட கண்ணுல ஒத்திக்கினான்!"

கலீமுல்லா பஞ்சைக் கரைசலில் நனைத்து அவர் இமையைத் துடைத்தார். பஞ்சு ரோஸானது. கன்னத்தில் வழிந்ததும் ரோஸ்.

சுயம்புலிங்கத்தின் குரல் தரைக்கு இறங்கியது. இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை நீட்டினார். "வேலம்மா, நீ என் தங்கச்சி மாதிரி. நான் ஒத்திக்கலேன்னு சொல்லிடும்மா. வீட்டுக்கு இன்னிக்கே போயிடு."

"இம்மாம் நாளும் இங்கதான் இருந்துச்சா? எம் புள்ளைங்க பிளாட்பாரத்துல நனைஞ்சுக்கினு கெடந்தப்பவும்?"

சுயம்புலிங்கம் சாவியை இன்னும் கிட்டே நீட்டினார்.

சாவியை வாங்கினாள். முந்தானையில் முடிந்துகொள்ளத்தான் மனசு துடித்தது. கலீமுல்லாவின் முன்னால் டணாரென்று வைத்தாள்.

"இதையும் எழுதிக்க சார். இப்ப எனக்கே லஞ்சம் குடுக்குறான்."