சிவப்பு ஏறும் கண்ணாடி

"எஞ்சின் டைமிங்க தொட்டது யாரு? ஒன் அப்பனா? நீ கைய வச்சதுக்கு அப்புறந்தான்டா வண்டி கொதிக்குது."

"எங்கப்பன் செத்து எலும்பும் மக்கிருச்சு, டிரைவரே. தொட்டது நாந்தான். தொட்டப்ப கொதிக்கல. நீ ஓட்டுன ஓட்டத்துலதான் கொதிக்குது."

மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஆபீசுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையிலிருந்து இந்தச் சத்தம் கூலி லயத்துக்குக் கேட்டதும், அத்தனை பெண்களுக்கும் மரவள்ளிக் கீரை பறிக்கும் ஞாபகம் வந்துவிட்டது. கீரை எங்கும் கிடைக்கும். ஆனால் கொட்டகை ஓரத்துக் கீரைதான் ருசி என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

கொட்டகைக்குள் இருவருக்கும் நடுவே நின்றிருந்தாள் பாப்பம்மா. கார் டிரைவர் இருளப்பன் அவள் புருஷன். பால் உறைய வைக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கும் ஃபிட்டர் அய்யாவு அவள் கூடப் பிறந்த தம்பி. பாப்பம்மாவைக் கட்டும்போது, பதிலுக்குத் தன் தங்கை குணவதியை அய்யாவுக்குத் தருவதாக இருளப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். சண்டை வந்து வெள்ளைக்காரத் துரை காரைப் போட்டுவிட்டு ஓடி, ஜப்பான் துரை வந்து, இருளப்பன் ஸ்டியரிங் பிடித்ததும் அந்த வாக்கு ஆவியாகிவிட்டது. கார் ஓட்டுகிறவன் வீட்டில் அரிசிச் சோறு, ஃபிட்டர் வீட்டில் மரவள்ளி. அரிசி தின்கிற வீட்டுப் பெண்ணை மரவள்ளிக்குத் தருவார்களா? அன்றிலிருந்து அய்யாவு வாயில் 'மாமா' வரவில்லை, 'டிரைவரே'தான்.

காருக்கு வயது இருபதுக்கு மேல். ரேடியேட்டர் மூடியின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் காய்ச்சல் பார்க்கும் குழாய் போல ஒன்று. எஞ்சின் சூடேற ஏற அதில் சிவப்புச் சாயம் மேலே வரும். ஒரு வாரமாகத் தோட்ட வாசலைத் தாண்டுவதற்குள் அது உச்சியைத் தொட்டது. முந்தின நாள் பாதி வழியில் ஆவி சீறி, ஜப்பான் துரை வெயிலில் நடந்து திரும்பினார். நடந்து வந்தவர் யாரையும் அறையவில்லை. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சிரிலைக் கூப்பிட்டு, காரைக் கெடுத்தவன் யார் என்று மட்டும் கேட்டார். அறைந்திருந்தால் லயம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். போனவர் திரும்புவது அரிதான சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றும் லாரி நாளை வருவதாக இருந்தது.

"பெல்ட்டு?" என்றான் இருளப்பன்.

"இறுக்கமா இருக்கு. காத்தாடி சுத்துது. தண்ணி தளும்ப நிக்குது. பெட்ரோலுக்குப் பதிலா ரப்பர் எண்ணெய ஊத்தி ஓட்டுனா கொஞ்சம் சூடு ஏறும், இவ்வளவு ஏறாது." கேள்வி கேட்டவனைப் பார்க்காமல் காரிடம் சொன்னான் அய்யாவு.

இரண்டு ஆண்களும் முறைத்துக்கொண்டு நிற்க, பாப்பம்மா சற்றுமுன் ஓட்டி நிறுத்திய காரின் ரேடியேட்டரில் சும்மா கை வைத்தாள். மேலே வைத்த விரலை உதறினாள். கீழே வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"மேல சுடுது தம்பி. கீழ சில்லுனு கெடக்கு."

அய்யாவு குனிந்து தானும் தொட்டுப் பார்த்தான். பிறகு கீழ்க் குழாயின் இறுக்கியைக் கழற்றிக் குழாயை உருவினான். பொலபொலவென்று கொட்ட வேண்டிய தண்ணீர் மூக்குச்சளி போலச் சொட்டியது. கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். வெள்ளையாக, வழவழவென்று, மண்புழு நீளத்துக்கு ஒன்று நீண்டு வந்து, பட்டென்று சுருங்கியது.

பால். உறைந்த கித்தாப் பால், ரப்பர் மரத்துப் பால்.

தோட்டத்தில் ஒழுகும் வாளிக்குப் பால், ஒழுகும் தகரத்துக்குப் பால், வெடித்த குதிகாலுக்கும் பால்தான் மருந்து. ரேடியேட்டர் ஒழுகுகிறது, தண்ணீர் ஊற்றி வை என்று சொல்லிவிட்டுப் போன வாரம் ஒருநாள் இருளப்பன் சாப்பிட உட்கார்ந்தான். பால்வெட்டு முடிந்து வந்த பாப்பம்மா வாளியின் அடியில் மிச்சம் இருந்த பாலையும் சேர்த்து ஊற்றிவிட்டாள். ஒழுக்கு நின்றது. அவளுக்குப் பெருமைதான். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள், தானே அடைத்ததாக இருளப்பன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"ஸ்டோர்ல பால் யார் கையில இருக்கு? இந்தப் பயதான் ஊத்திருக்கான், என்னய லாரியில ஏத்த," என்றான் இருளப்பன். குரல் ஆபீஸ் வரை போக வேண்டும் என்றே கத்தினான். போயிற்று. கிராணி சிரில் வெள்ளைக் கால்சட்டையில் வந்து நின்றார். கீரை பறித்தவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"நாந்தான்யா ஊத்துனேன்," என்றாள் பாப்பம்மா. "ஒழுகுச்சேன்னு ஊத்துனேன்."

"பொய்யிங்கய்யா. தம்பிய காப்பாத்த அவுத்து விடுறா," என்றான் இருளப்பன்.

"ஒழுக்க நாந்தான் அடைச்சேன்னு போன வாரம் எங்கிட்ட சொன்னது யார்லா? உங்க பேயா?" என்றார் சிரில்.

பின்னால் யாரோ சிரித்து, இருமல் போல மாற்றிக்கொண்டார்கள்.

சிரில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பொம்பள ஊத்திட்டாள்னு ஜப்பான்காரன்கிட்ட சொன்னா புருசன எங்கனு கேப்பான். இங்க பாருங்க. சாயங்காலம் துரை சுங்கை பட்டாணி போகணும். எவன் காரக் கொதிக்காம கொண்டாந்து ஆபீஸ் வாசல்ல நிறுத்துறானோ அவன் டிரைவர். இன்னொருத்தன் லாரி. ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும்தான?"

பகையில்லாமல், பாசார் கடைக் கணக்குப் பேசுவது போல அவர் சொன்னதுதான் பாப்பம்மாவைப் பயமுறுத்தியது. ஒருவன் பிள்ளைகளின் அப்பன். இன்னொருவன் அவள் இடுப்பில் வளர்ந்தவன்.

அய்யாவு சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குடைக்கம்பியோடு உட்கார்ந்தான். ஒவ்வொரு துளையாகக் குத்தி, பாலை இழை இழையாக உருவினான். இருளப்பன் மட்கார்டில் சாய்ந்து சுருட்டுப் பிடித்தான். "நல்லா நோண்டு மாப்ள. சயாம்ல நோண்டப் பழக்கம் வேணும்," என்றான். அய்யாவு உள்ளே கிடந்த தண்ணீரையெல்லாம் கொட்டி, வெளிச்சம் துளைகள் வழியே தெரிந்த பிறகு குழாயை மாட்டி இறுக்கினான். "அக்கா, வா, தண்ணி மொண்டாருவோம்," என்று ஆளுக்கொரு வாளியோடு அல்லூறு ஓடைக்கு இறங்கினான். அங்கேதான் அவன் புத்தி கெட்டது. எதிரியைக் காரோடு தனியாக விட்டுப் போனான்.

வாளி நிறையும்போதே எஞ்சின் உறுமியது.

அவர்கள் ஓடி வருவதற்குள் கார் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தது. இருளப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சிரில் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். சிவப்பு அடியிலேயே கிடந்தது.

"ஏறவே இல்லலா. சரியாயிருச்சு."

"உள்ள தண்ணி இல்லங்கய்யா," என்றான் அய்யாவு, மூச்சு வாங்க. "தண்ணி இருந்தாத்தான் அது ஏறும். காஞ்ச வயித்துல அது பொய் சொல்லும். சரி பண்ணது நான். அக்கா, சொல்லுக்கா. தண்ணி நம்ம கையிலதான இருக்கு."

சிரில் அவளைப் பார்த்தார். "என்ன பாப்பம்மா?"

இருளப்பன் அவளைப் பார்க்கவில்லை. ஜப்பான் துரையின் பூட்ஸ் ஓசை ஆபீஸ் படியில் கேட்டது. உண்மையை அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. இரண்டு பேரில் ஒருவரைக்கூட அது காப்பாற்றவில்லை, இருவரையும் ஏலத்துக்குத்தான் விட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா," என்றாள்.

அய்யாவு அவளைத் திட்டவில்லை. தன் வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு நடந்தான். அவள் வாளியைத்தான், துரை வருவதற்குள், இருளப்பன் பிடுங்கி ரேடியேட்டரில் ஊற்றினான்.

லாரி மறுநாள் வந்து போயிற்று. குணவதியைக் கரங்கானில் ஒரு கங்காணி மகனுக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்தில் அவள் அழுததை மாப்பிள்ளை வீட்டார் நாணம் என்று எடுத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியதும் கிராணி சிரில் பினாங்குப் பக்கம் போய்விட்டார். இருளப்பன் பண்டார் பாருவில் லாரி ஓட்டப் போய் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான். பாப்பம்மா போகவுமில்லை, அழைக்கவுமில்லை. பிள்ளைகளோடு கோலா கெத்தில் பாசார் ஓரத்தில் சோற்றுக் கடை போட்டாள்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் இரண்டு பேர் வெவ்வேறு நாளில் அந்தக் கடைக்கு வந்தார்கள். அய்யாவு காலராவில் போய்விட்டதாக ஒருவன் சொன்னான். அவனுக்குச் சோறு போட்டாள், காசு வாங்கவில்லை. அய்யாவு சயாம்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் குடியிருப்பதாக மற்றவன் சொன்னான். அவளுக்கு எத்தனை வயசு, பொட்டு வைப்பாளா, தமிழ் பேசப் பழகினாளா, வீட்டுக்கு ஓலையா தகரமா என்று பாப்பம்மா எதிரில் குத்த வைத்துக் கேட்டாள். அவனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், அல்லது அதுவும் தெரியாது. ஆனால் அவன் பசி பெரிது. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் அகப்பையால் சோற்றை அள்ளி அள்ளி அவன் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.