முழங்கால்

குருவம்மாளைக் குளிப்பாட்ட நாலு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். மகள் சங்கரி முழங்காலில் தண்ணீர் ஊற்றியபோது தைல வாசனை இன்னும் வந்தது. இரண்டு வருடமாகத் தேய்த்த தைலம். ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விடுமா என்ன.

"பாவி மகளுக்கு முழங்காலுதேன் எமனா வந்துச்சு," என்றாள் திரையைப் பிடித்திருந்த ஒருத்தி.

பரளச்சிப் பக்கத்து அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். முதலில் முழங்கால் வலி, பிறகு அது எப்படியோ வயிற்றுக் கட்டியாக ஏறிவிட்டது. முழங்காலில் இருந்து வயிற்றுக்கு எது வழி என்று யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை வயிற்றைப் பற்றிக் கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

அந்தப் பங்காளி வகையில், பங்குனிப் பொங்கலுக்குக் குலசாமி கோயிலில் முதல் பானை வைப்பவள் மாதவிலக்கு நின்ற பெண்ணாக இருக்க வேண்டும். 'நின்னவ' என்பார்கள். குருவம்மாள் நாற்பத்தொன்பதில் நின்றவள். ஆறு வருடம் அவள் பானைதான் முதலில் பொங்கியது. ஏழாம் வருடம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், முழங்கால் பிடித்துக்கொண்டது, உட்கார்ந்து அடுப்பெரிக்க முடியாது என்றாள். பானை கொழுந்தன் பெண்டாட்டி அழகுத்தாயிடம் போனது.

மகன் சுந்தரபாண்டி அம்மா பேச்சைத் தட்டாதவன். அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை என்று மூன்று ஊர் எலும்பு டாக்டர்களிடம் அவளைக் கூட்டிப் போனான். படம் எடுத்தார்கள். கரிசல்காட்டில் களையெடுத்தே வயதான பெண்ணின் முழங்காலில் தேய்மானம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. மாத்திரை, பெல்ட், தைலம் எல்லாம் வந்தன. எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டர்களுக்கெல்லாம் அவள் முழங்காலையே தொட்டுக் காட்டினாள்.

சங்கரி வாழ்க்கைப்பட்டது பந்தல்குடியில். வாரம் ஒரு முறை வருவாள். கொடியில் சேலைக்கு அடியில் மறைவாகக் காயும் துணிக் கிழிசல்களைப் பார்த்திருக்கிறாள். ஒத்தடம் கொடுத்த துணி என்று நினைத்தாள். ஒருநாள் புருஷனின் நைந்த வேட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து, "ஒத்தடத்துக்குக் கிழிச்சுக்கம்மா," என்று அவளே கொடுத்தாள். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வேட்டிகளை நினைக்கும்போதெல்லாம் சங்கரிக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஐப்பசியில் கால் நிஜமாகவே வீங்கி, வயிறும் உப்பிய பிறகுதான் மதுரையில் ஒரு பெண் டாக்டர் கேட்டார்.

"நின்னுபோன பெறகு ரத்தம் பட்டுச்சாம்மா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒன்றரை வருசமாப் படுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நின்னு ஒரு வருசம் கழிச்சு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வரணும்மா. முக்காவாசிப் பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. அப்படியே இருந்தாலும், அப்பவே வந்திருந்தா கர்ப்பப்பையை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் சொல்லவில்லை என்று சங்கரி கேட்டாள்.

"நின்னவன்னுதேன் பானையைத் தொட விட்டாக. திரும்ப வந்துருச்சுன்னா சாமி என்னையத் தள்ளிருச்சுன்னுதானடி அர்த்தம்? அதைப் போய் யாருகிட்டச் சொல்ல," என்றாள் அம்மா. அதன் பிறகு, தையில் அவள் கண்ணை மூடும் வரைக்கும் இதைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

குளிப்பாட்டி முடித்து, நாலு மணிக்கு எடுத்தார்கள். காட்டுக்குப் போன ஆண்கள் திரும்பிக் குளித்துவிட்டுப் பந்தலுக்குள் உட்கார்ந்ததும், கோயில் காரியம் பார்க்கும் பெரியப்பா அருஞ்சுனை பேச்சை எடுத்தார். சாவு வீட்டிலும் அவருக்குக் கோயில் கணக்குத்தான்.

"கருமாதி கழிஞ்சா பங்குனி வந்துரும். அழகுத்தாயி, இந்த வருசமும் நீதேன பானை வைக்கிற?"

அழகுத்தாய் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கு இடுப்புல ஒரு பிடிப்பு மாமா. குனிய முடியலை. வேற யாரையாச்சும் பாருங்க."

"இடுப்புன்னா தைலத்தைப் போடு," என்றார் அவர்.

காப்பித் தம்ளர் கொடுத்துக்கொண்டிருந்த சங்கரி அப்படியே நின்றுவிட்டாள். மத்தியானம் இதே சின்னம்மாதான் குனிந்து குனிந்து இருபது குடம் தண்ணீர் தூக்கினாள்.

கொல்லையில் துவைகல் பக்கம் சின்னம்மா ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சங்கரி எதிரில் போய் நின்றாள்.

"எத்தனை மாசமா சின்னம்மா?"

"எது?"

"நான் இடுப்பைக் கேக்கலை."

சின்னம்மா பிழிந்த சேலையையே மறுபடி பிழிந்தாள். தண்ணீர் வரவில்லை.

"ரெண்டு."

"மாசமா, வருசமா?"

"மாசந்தேன்டி. சொட்டுச் சொட்டாத்தேன்."

"அம்மாவுக்கும் சொட்டுத்தேன்."

"போன பங்குனியில பானை வச்சேன்ல. அதுல என்னமும் குத்தமாயிருச்சோன்னு இருக்கு."

"எங்கம்மாவும் இதைத்தேன் சொல்லுச்சு. இன்னைக்குக் குளிப்பாட்டிவிட்டோம்." குரல் உடைந்தது. சங்கரி அதை அடக்கப் பார்க்கவில்லை. "காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வாரீக."

"துட்டி கேக்க ஆளு வருவாகளேடி."

"வந்தா உக்காந்திருக்கட்டும்."

மறுநாள் காலை, துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது, செத்தவளின் மகளும் கொழுந்தன் பெண்டாட்டியும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள். ஊருக்கு ஒரு வாரம் பேசக் கிடைத்தது. பஸ்ஸில் சின்னம்மா ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசல் பக்கம் பார்த்தாள். வேண்டாம், திரும்பிவிடலாம் என்று சொல்லிவிடுவாளோ என்று சங்கரி வழி முழுவதும் பயந்துகொண்டே இருந்தாள்.

சீட்டு எழுதும் ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. இவர்களுக்குப் பின்னால் கையில் கட்டுப் போட்ட ஒரு ஆள், அவருக்குப் பின்னால் இரண்டு காலேஜ் பெண்கள்.

"பேரு?"

"அழகுத்தாய்."

"வயசு?"

"அம்பத்தி மூணு."

"என்ன செய்யுது?"

சின்னம்மாவின் கை மெல்ல இடுப்பை நோக்கிப் போனது. தானே சொல்லிவிடலாமா என்று சங்கரி வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் கை இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"மாசவெலக்கு நின்னு நாலு வருசமாச்சு. இப்ப ரத்தம் படுது," என்றாள் சின்னம்மா. தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள்.

உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தார். "எட்டாம் நம்பர்."

சின்னம்மா சீட்டை மடிக்கவில்லை. எழுத்துத் தெரியக் கையில் பிடித்தபடி, எட்டாம் நம்பர் எந்தப் பக்கம் என்று பின்னால் நின்ற ஆளிடம் கேட்டாள்.