ஆரத்திச் சிவப்பு

அன்று காலை அங்கன்வாடிக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: டீச்சர் தெரசா, சமையல் உதவிக்கு இருக்கும் காவேரி, பதினான்கு குழந்தைகள், நஞ்சப்பன். வேறு ஒருவரும் இல்லை. பிறகு தாங்களும் அங்கே நின்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நஞ்சப்பனுக்கு எழுபத்து மூன்று வயது. நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில், அங்கன்வாடி நிற்கும் இடம் அவருடைய அப்பா பச்சியப்பன் எழுதிக்கொடுத்தது. வாசலுக்கு மேலே அப்பாவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நஞ்சப்பன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் போவார். மறுநாள் ஆண்டு விழா, அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், அன்றைக்கு முந்தின நாளே ஆள் வைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். மிச்சச் சுண்ணாம்பு ஒரு டப்பாவில் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வெள்ளை வேட்டியில் குழந்தைகளின் கையச்சைப் பதித்துக் கல்லுக்குக் கீழே தொங்கவிடுவது என்பது டீச்சரின் யோசனை. அதற்கும் புது வேட்டியை நஞ்சப்பன்தான் கொடுத்தார்.

அவர் உள்ளே போனபோது தெரசா அடுப்பில் மைதாவைக் கரைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க டீச்சர், போஸ்டர் ஒட்டற பசையாட்டம் இருக்குது. யாரு எலக்சன்ல நிக்கறாங்க?" என்றாள் காவேரி.

"நீதான். ஒனக்குத்தான் ஒட்டப்போறேன்," என்றாள் தெரசா.

மைதாப் பசையில் கொஞ்சம் உப்பு. கெடாமல் இருக்க இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தாள். அதைக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றி, ஒன்றில் மஞ்சள்தூள், ஒன்றில் அரைத்த கீரைச்சாறு, ஒன்றில் சங்குப்பூ ஊறவைத்த தண்ணீர், ஒன்றில் பீட்ரூட் சாறு. கடையில் விற்கும் கலர் வேண்டாம், பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்பது அவள் கணக்கு. மிச்சப் பசை வாணலியில் இருந்தது.

மஞ்சளும் பச்சையும் நன்றாக வந்தன. நீலம் பரவாயில்லை. பீட்ரூட்தான் வெளுத்துப்போன ரோஸாக நின்றது.

"இதென்ன டீச்சர், பழஞ்சீலை தொவைச்ச தண்ணியாட்டம்?" என்றார் நஞ்சப்பன். "எங்கப்பா பேருக்குக் கீழ தொங்கப்போவுது."

"பீட்ரூட்டு அவ்வளவுதானுங்க ஐயா வரும். கொழந்தைங்களுக்கு என்னங்க, இதுவே சந்தோசம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் 'அவ்வளவுதான் வரும்' என்ற சொல் நஞ்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டு விசேஷங்களில் ஆரத்தித் தட்டின் சிவப்பைப் பார்த்து ஊரே பேசும். மனைவி இறந்த பிறகு, மகன் மாதவராஜின் கல்யாணத்துக்கு அவரே தட்டு கரைத்துக் கொடுத்தார். மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான் விஷயம்.

தெரசா குழந்தைகளைக் கை கழுவக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். காவேரி முட்டை வாங்கக் கடைக்குப் போனாள். நஞ்சப்பன் பீட்ரூட் கிண்ணத்தைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். வாணலியில் இருந்த பசையை அதில் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கலக்கினார். சிவக்கவில்லை. இன்னொரு விரல். அப்போதும் மஞ்சளாகவே நின்றது. புளிப்பு இருந்தால் மஞ்சள் லேசில் சிவக்காது, எலுமிச்சை பிழிந்தது அவருக்குத் தெரியாது. ஐம்பது வருஷமாகச் சிவந்தது இன்றைக்குச் சிவக்கவில்லையே என்று ரோஷம் வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டார். லேசாக நிறம் திரும்பியது. இரண்டாவது கரண்டிக்கு, சொன்னபடி கேட்டதுபோல, குபுக்கென்று சிவந்தது.

திரும்பி வந்த தெரசா அசந்துபோனாள். "பீட்ரூட்டு இப்படிச் செவந்துடுச்சே ஐயா?"

"எங்க வூட்டுக் கை பட்டா எதுவும் செவக்கும்," என்றார் நஞ்சப்பன்.

அவர் சும்மா கிளறிவிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். குழந்தைகள் வரிசையில் நின்று கையை விட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் சிவப்புதான் வேண்டியிருந்தது. வேட்டியில் ஏழெட்டுக் கைகள் விழுந்திருக்கும். தக்காளி வேன் ஓட்டும் சிவக்குமாரின் மகள் கவிப்பிரியா, நான்கு வயது, நெற்றியில் விழுந்த முடியைத் தள்ளப்போய் அதே கையால் கண்ணைத் தேய்த்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தை நஞ்சப்பன் அதுவரை ஒரு குழந்தையிடமிருந்து கேட்டதில்லை.

தெரசா அவளைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். இமையைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே மற்றப் பிள்ளைகள் கை எரிகிறது என்று அழத் தொடங்கினார்கள். திரும்பி வந்திருந்த காவேரி அவர்களின் கைகளை வாளித் தண்ணீரில் முக்கினாள். குழாயடியிலிருந்து தெரசா தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, நான் வெளிய போனப்ப இதுல ஏதாச்சும் விழுந்துச்சுங்களா?"

"எனக்கு என்ன தெரியும்," என்றார் நஞ்சப்பன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க நேரம் இருந்தது. சிவக்குமார் தக்காளி வேனோடு வந்து மகளை ஏற்றிக்கொள்ளும்வரை அரைமணி நேரம் இருந்தது. நஞ்சப்பன் கல்லுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இமைக்கு அடியில் வெள்ளைத் துகள் எடுத்தார்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டதால்தான் கண் தப்பியது என்றார் டாக்டர். சுண்ணாம்பு எப்படி வந்தது என்று தெரசாவைக் கேட்டார்கள். மைதா, உப்பு, எலுமிச்சை, மஞ்சள், பீட்ரூட் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊருக்குப் பதில் கிடைத்துவிட்டது. டீச்சர் சுண்ணாம்பைக் கலந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். ஆண்டு விழா நின்றுபோனது.

மறுநாள் காலை காவேரி அவருடைய தோட்டத்துக்கு வந்தாள். வரப்பில் நின்றபடியே பேசினாள்.

"அந்தக் கரண்டியில சுண்ணாம்பு காஞ்சு ஒட்டியிருந்துச்சுங்க. கழுவி வெச்சுட்டேன். டப்பாவையும் தூக்கிக் கெணத்துமேட்டுல போட்டுட்டேன்."

நஞ்சப்பன் தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க. பெரிய வூட்டுப் பேரு எங்க வாயால கெடக்கூடாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். கூலிக்குப் போகிற ஒருத்தி தன் மானத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று முழுவதும் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சிவக்குமாரும் இன்னும் நான்கு பேரும் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். பொம்மிடியிலிருந்து வரும் டீச்சர் எங்களுக்கு வேண்டாம், வேலையை விட்டே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மாதவராஜ் பேனாவை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான்.

"மொதக் கையெழுத்து உங்களுதுதானுங்க பெரியப்பா. எப்பவும் அப்படித்தானே," என்றான் சிவக்குமார்.

"கொழந்தைக்கு எப்படி இருக்குது?"

"தொறக்கறாளுங்க. வெளிச்சம் பட்டா தண்ணி கொட்டுது. ஓரத்துல வெள்ளையா ஒரு பொட்டு நிக்குது. போவும்னும் சொல்றாங்க, போவாதுன்னும் சொல்றாங்க."

நஞ்சப்பன் காகிதத்தை முழுக்கப் படித்தார். பேனாவை மூடி அதன்மேல் வைத்தார்.

"சுண்ணாம்பு போட்டது நான்."

மாதவராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்பா, வெயில்ல நின்னுட்டு வந்திருக்கீங்க. உள்ள போயிப் படுங்க."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. செவப்பு வரலேன்னு நான்தான் போட்டேன். ரெண்டு கரண்டி. டீச்சரு என் மொகத்தப் பாத்துக் கேட்டுது. தெரியாதுன்னேன்."

"வூட்டுப் பேரு என்னாவறதுப்பா? தாத்தா கல்லு அங்க நிக்குது."

"நிக்கட்டும். அதுக்குக் கீழ நின்னுதான் பொய் சொன்னேன்."

சிவக்குமார் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான். "என்ன விழுந்துச்சுன்னு டாக்டரு மூணு வாட்டி கேட்டாரு பெரியப்பா. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றான். இன்றுவரை அவன் அவரிடம் பேசுவதில்லை.

அன்றே நஞ்சப்பன் பஸ் ஏறிப் பொம்மிடி போனார். தெரசா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் கையில் இருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா அந்தக் கிண்ணத்தையே நெனச்சிட்டிருந்தனுங்க," என்றாள். "நான்தான் எதையோ போட்டுட்டு மறந்துட்டனோன்னு."

உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

தெரசாவின் வேலை போகவில்லை. கவிப்பிரியாவின் கண்ணில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. பார்வைக்குக் குறையில்லை என்கிறார்கள். அங்கன்வாடிப் பக்கம் போகும்போது நஞ்சப்பன் இப்போது தலையைத் தூக்குவதில்லை.

ஊரில் இப்போது வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். வெளியூர்ப் பெண்ணின் பிழைப்பு போய்விடக்கூடாது என்று பெரியவர் பெருந்தன்மையாகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று. மாதவராஜும் அதை மறுப்பதில்லை. அது உண்மை அல்ல. சுண்ணாம்பைப் போட்டவர் நஞ்சப்பன். இரண்டு கரண்டி போட்டார். கேட்டபோது தெரியாது என்றார்.